கட்டங்கள் விழட்டும், தாளம் தப்பாமல்!

ஒரு கட்டத் தாளையும் கத்தரிக்கோலையும் எடுத்துக் கொள்ளுங்கள். நான்கு சிறு சதுரங்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டி இருக்கும்படி எத்தனை வகைத் துண்டுகள் வெட்டலாம்? வெட்டிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

நீளமான கோல் ஒன்று கிடைத்திருக்கும். சதுரம் ஒன்று. மூன்று கட்டங்களின் நடுவில் முளை விட்டாற்போல் ஒன்று. நுனி மடங்கிய துண்டு ஒன்று. படிக்கட்டுப் போன்ற துண்டு ஒன்று. ஆக மொத்தம் 5. ஆறாவது துண்டு கிடைத்ததாகத் தோன்றினால் அதைச் சுழற்றியும் புரட்டியும் பாருங்கள். முன்னே சொன்ன ஐந்தில் ஒன்றாகத்தான் அது இருக்கும்.

இப்போது ஒரு புதிய விதி. துண்டை மேசைமேல் வைத்தபடி சுழற்றலாம். ஆனால் தூக்கிப் புரட்டக் கூடாது. அப்படியானால் மடக்குத் துண்டுக்கும் படித் துண்டுக்கும் இடக்கை, வலக்கை போல இரண்டிரண்டு வடிவங்கள் வந்துவிடும். எண்ணிக்கை 7 ஆகிவிடும்.

இந்த 7 துண்டுகள்தாம் உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களைத் திரைமுன் கட்டிப் போட்ட ‘டெட்ரிஸ்’ என்னும் வீடியோ விளையாட்டின் கருவிகள். மேலிருந்து ஒவ்வொன்றாக விழும் துண்டுகளைச் சுழற்றி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுவதும் நிறைந்தால் அது மறையும். அடுக்கு மேலே தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவுதான் விதி. இந்த எளிய ஆட்டத்தோடு இசையைப் பிணைத்தால் என்ன ஆகும்? ஆடி முடித்துக் கண்ணை மூடிய பிறகும் துண்டுகள் விழுந்து கொண்டே இருப்பது ஏன்? அந்தத் தொல்லையே அடிபட்ட மனத்துக்கு மருந்தாக முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிரம்பாத செவ்வகம்

ஆட்டத்துக்குப் போகுமுன் ஒரு சிறு கணக்கு. 7 துண்டுகள், துண்டுக்கு 4 கட்டம். மொத்தம் 28 கட்டங்கள். இவற்றைக் கொண்டு 4 கட்ட அகலமும் 7 கட்ட நீளமும் உள்ள செவ்வகத்தை நிரப்ப முடியுமா? உங்கள் நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள். நாள் முழுவதும் முயன்றாலும் அவரால் முடியாது. உங்களாலும் முடியாது. யாராலும் முடியாது!

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறோம்? செவ்வகத்துக்குச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு, வெள்ளை பூசுங்கள். 14 கட்டம் கறுப்பு, 14 கட்டம் வெள்ளை. கோல், சதுரம், இரண்டு மடக்கு, இரண்டு படி ஆகிய 6 துண்டுகளையும் எங்கே வைத்தாலும் ஒவ்வொன்றும் 2 கறுப்பையும் 2 வெள்ளையையும் மூடும். முளைத் துண்டு மட்டும் வம்பு செய்கிறது. அது ஒரு நிறத்தில் 3, மற்ற நிறத்தில் 1 என்றுதான் மூடும். ஆகவே 7 துண்டுகளும் சேர்ந்தால் 15க்கு 13 என்றுதான் வரும். 14க்கு 14 வரவே வராது. கை ஓயும்வரை அடுக்கிப் பார்க்க வேண்டிய வேலையை இரண்டு நிறங்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டன. கணிதத்தின் அழகு இதுதான்.

இப்படிச் சதுரங்களை ஒட்டிச் செய்த வடிவங்களுக்குப் ‘பாலியாமினோ’ என்று பெயர் சூட்டி ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் சாலமன் கோலம்ப் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். 1953இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் கணித மன்றத்தில் அவர் இது பற்றிப் பேசினார். 5 சதுரங்களால் ஆன துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் புதிர், பின்னாளில் மாஸ்கோ நகரில் ஓர் இளைஞரின் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

மாஸ்கோவில் ஒரு கணிப்பொறி

அந்த இளைஞர் அலெக்ஸி பஜித்னோவ். சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்து வந்தார். 1984இல், அங்கிருந்த ‘எலெக்ட்ரானிகா 60’ என்ற கணிப்பொறியில் அந்தப் புதிரை ஆட்டமாக்க முயன்றார். 5 சதுரத் துண்டுகள் அதிக வகையாக இருந்ததால் 4 சதுரத் துண்டுகளுக்கு இறங்கி வந்தார். அந்தக் கணிப்பொறியால் படம் வரைய முடியாது. எழுத்துகளை மட்டுமே திரையில் காட்ட முடியும். எனவே அடைப்புக் குறிகளையே கட்டங்களாக நிறுத்தினார். நிறம் இல்லை, இசை இல்லை. அப்படியும் மையத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஆடத் தொடங்கிவிட்டார்கள்!

நான்கு என்று பொருள்படும் ‘டெட்ரா’ என்ற கிரேக்கச் சொல்லையும், தமக்குப் பிடித்த டென்னிஸ் ஆட்டத்தின் பெயரையும் சேர்த்து ‘டெட்ரிஸ்’ என்று பெயர் வைத்தார் பஜித்னோவ். தம் தோழர் திமித்ரி பாவ்லோவ்ஸ்கி, வதீம் கெராசிமோவ் ஆகியோரோடு சேர்ந்து அதை ஐ.பி.எம். கணிப்பொறிக்கு மாற்றினார். அப்போது கெராசிமோவுக்கு வயது 16. உங்களைப் போல ஒரு பள்ளி மாணவர்தான்.

இசை வந்து சேர்ந்தது

1989இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் இந்த ஆட்டத்தை இரண்டு விதமாக வெளியிட்டது. ஒன்று, கையில் வைத்து ஆடும் ‘கேம்பாய்’ பெட்டிக்கு. மற்றொன்று, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பொறிக்கு. கேம்பாயில் ஒலித்த மெட்டு, ‘கொரோபெய்னிக்கி’ என்ற ரஷ்ய நாட்டுப் பாடலின் மெட்டு. இன்றும் அந்த மெட்டைக் கேட்டாலே பலருக்குக் கட்டங்கள் விழுவது போலத் தோன்றும்.

தொலைக்காட்சிப் பொறியின் டெட்ரிஸில் ஒரு தந்திரம் இருந்தது. அடுக்கு உச்சியை நெருங்கினால் இசையின் வேகம் சட்டென்று கூடிவிடும். ஆடுபவரின் நெஞ்சும் படபடக்கும். கவனியுங்கள்: இங்கே ஆட்டம் முன்னே போகிறது, இசை அதன் பின்னே ஓடுகிறது. கூத்துக்காரரைப் பார்த்து மத்தளக்காரர் அடிப்பது போல.

இதைத் தலைகீழாக மாற்றினால் என்ன? மத்தளம் முன்னே போகட்டும், கூத்து அதன் பின்னே வரட்டும் என்று எண்ணினார் ஒருவர். அவர் ஜப்பானின் டெட்சுயா மிசுகுச்சி. இசையும் ஒளியும் கலந்த ஓர் ஆட்டத்தை 2001இலேயே செய்திருந்தவர். டெட்ரிஸை இசையோடு பிணைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அப்போது அதற்கான உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. ‘சரி, வேறொன்று செய்வோம்’ என்று முனைந்தார். 2004இல் ‘லூமினெஸ்’ பிறந்தது. முதலில் கையடக்கப் பெட்டிக்கு வந்த அந்த ஆட்டம், 2006 முதல் வீட்டுத் தொலைக்காட்சிப் பொறிகளுக்கும் வந்தது.

கோடு நடக்கிறது

லூமினெஸின் களம் 16 கட்ட அகலம், 10 கட்ட உயரம். இதில் விழும் துண்டுகள் எல்லாமே 2க்கு 2 சதுரங்கள்தாம். வடிவம் ஒன்றே, நிறங்கள் இரண்டு. துண்டின் 4 கட்டங்களில் ஒவ்வொன்றும் இரண்டு நிறங்களில் ஏதாவது ஒன்றாக இருக்கும். ஒரே நிறக் கட்டங்கள் நான்கு, 2க்கு 2 சதுரமாகக் கூடிவிட்டால் அவை மறையும்.

எத்தனை வகைத் துண்டுகள் இருக்க முடியும்? ஒரு கட்டத்துக்கு 2 வழி என்றால், 4 கட்டங்களுக்கு 2×2×2×2 = 16 வழிகள். ஆனால் ஆடுபவர் துண்டைச் சுழற்றலாம் அல்லவா? சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றை ஒரே வகையாக எண்ணுங்கள். முழுதும் வெள்ளை 1. ஒரு கறுப்பு 1. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்பு 1. மூலைக்கு மூலை இரண்டு கறுப்பு 1. மூன்று கறுப்பு 1. முழுதும் கறுப்பு 1. ஆக 6 வகைகள்தாம்.

இனி முக்கியமான செய்தி. கூடிய சதுரங்கள் உடனே மறைவதில்லை. களத்தின் இடப்புறமிருந்து வலப்புறமாக ஒரு செங்குத்துக் கோடு ஓயாமல் நடந்து கொண்டிருக்கிறது. அந்தக் கோடு கடந்து போகும்போதுதான் சதுரங்கள் மறைகின்றன. கோடு எவ்வளவு வேகமாக நடக்கும்? பின்னால் ஒலிக்கும் இசையின் வேகத்தில்!

ஒரு கணக்காகப் பார்ப்போம். கோடு 8 தட்டில் களத்தைக் கடப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். நம் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் போல. நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட பாட்டு என்றால், ஒரு தட்டுக்கு அரை விநாடி. கோடு 4 விநாடியில் களத்தைக் கடந்துவிடும். 80 தட்டுகள் கொண்ட நிதானமான பாட்டு என்றால் 6 விநாடி ஆகும். 160 தட்டுகள் கொண்ட துள்ளல் பாட்டு என்றால் 3 விநாடிதான்.

மெதுவான பாட்டு எளிது, வேகமான பாட்டு கடினம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படி அன்று. பாட்டு மெதுவாக இருந்தால், கோடு வருவதற்குள் நிறையச் சதுரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில் பெரும் புள்ளிகளை அள்ளலாம். ஆனால் அதே நேரத்தில் மறையாத கட்டங்கள் குவிந்து கழுத்தை நெரிக்கும். பாட்டு வேகமாக இருந்தால் களம் விரைவில் சுத்தமாகும். ஆனால் பெரிதாகச் சேர்க்க நேரம் இருக்காது. பாட்டு மாறும்போதெல்லாம் ஆடுபவர் தம் உத்தியை மாற்ற வேண்டும். இங்கே இசை பின்னணி அன்று. அதுதான் ஆட்டத்தின் கடிகாரம்.

காதை ஏமாற்ற முடியாது

இந்தக் கடிகாரத்தைக் கணிப்பொறிக்குள் எப்படி அமைப்பது? இங்கே ஒரு சுவையான சிக்கல் இருக்கிறது.

வீடியோ விளையாட்டுப் பொறி விநாடிக்கு 60 படங்களைத் திரையில் காட்டுவதாகக் கொள்வோம். ‘இத்தனை படத்துக்கு ஒரு முறை கோட்டை ஒரு கட்டம் நகர்த்து’ என்று எழுதிவிட்டால் போதாதா? 120 தட்டுப் பாட்டுக்குப் போதும். 4 விநாடிக்கு 240 படங்கள், 16 கட்டங்கள், கட்டத்துக்குச் சரியாக 15 படங்கள். ஆனால் 80 தட்டுப் பாட்டைப் பாருங்கள். 6 விநாடிக்கு 360 படங்கள். அதை 16ஆல் வகுத்தால் 22½. அரைப் படத்தை எங்கே போய்க் காட்டுவது? ‘பரவாயில்லை, 22 என்றே வைப்போம்’ என்றால் கோடு 352 படங்களில் கடந்துவிடும். ஒரு நடைக்கு 8 படங்கள் பிழை. ஒரு நிமிடத்தில் 10 நடை. 80 படங்கள் பிழை. அதாவது ஒரு நிமிடத்துக்குள் கோடு இசையை விட 1⅓ விநாடி முந்திவிடும். பாட்டு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம்!

ஒலியை எண்ணினால் இந்தத் தொல்லை தீரும். கணிப்பொறியில் ஒலி என்பது எண்களின் நீண்ட வரிசை. விநாடிக்கு 48,000 எண்கள் வீதம் ஒலிபெருக்கிக்குப் போவதாகக் கொண்டால், 80 தட்டுப் பாட்டில் ஒரு கட்டத்துக்கான நேரம் 0.375 விநாடி, அதற்கு எண்கள் சரியாக 18,000. மிச்சம் மீதி இல்லை. ஆகவே இவ்வகை ஆட்டங்களைச் செய்பவர்கள் ‘எத்தனை படம் காட்டினோம்’ என்று பார்ப்பதைவிட, ‘பாட்டில் எத்தனையாவது எண் ஒலிக்கிறது’ என்று பார்த்துக் கோட்டை அந்த இடத்தில் வரைவதையே விரும்புகிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? நம் காது பொல்லாதது. நேரத்தை அளப்பதில் கண்ணை விடக் கூர்மையானது. தொடர்ந்து வரும் ஓசையில் விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி விழுந்தாலும் அது கண்டுபிடித்துவிடும். கண்ணோ, விநாடிக்கு 24 நிலைப்படங்களைக் காட்டினால் ஓடும் சினிமா என்று நம்பிவிடுகிறது! திரையில் ஒரு படம் தாமதமானால் யாரும் கவனிப்பதில்லை. தாளம் தடுமாறினால் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும்.

பொத்தானே வாத்தியம்

மிசுகுச்சியின் பழைய ஆசை 2018 நவம்பர் 9 அன்று நிறைவேறியது. ‘டெட்ரிஸ் எஃபெக்ட்’ என்ற ஆட்டம் ‘பிளேஸ்டேஷன் 4’ என்ற வீட்டுப் பொறிக்கு வெளிவந்தது. மாஸ்கோவில் பிறந்த அதே 7 துண்டுகள். 10 கட்ட அகலம், 20 கட்ட உயரம் கொண்ட அதே களம். ஆனால் துண்டை ஒருமுறை சுழற்றினால் ஒரு சுரம் ஒலிக்கும். கீழே வைத்தால் ஒரு தட்டு ஒலிக்கும். அது ஓடிக் கொண்டிருக்கும் பாட்டோடு இழையும். வரிசைகள் மறைய மறையப் பாட்டு வளரும். கடலின் அடியும் நிலவும் எனச் சூழ்ந்திருக்கும் காட்சியும் மாறும். சில இடங்களில் பாட்டு வேகமெடுக்கும்போது துண்டுகளும் திடீரென்று வேகமாக விழும். ஆட்டம் இசையை இழுக்கிறது; இசை ஆட்டத்தை இழுக்கிறது.

ஆடுபவர் தாளம் தெரியாமல் கண்ட நேரத்தில் பொத்தானை அழுத்தினால் அபசுரம் ஆகாதா? அதற்கும் வழி உண்டு. இசை ஆட்டங்களில் ஒரு பழைய உத்தி, ஓசையை உடனே எழுப்பாமல் அடுத்த சிறு தட்டு வரும்வரை சற்றே நிறுத்தி வைப்பது. 120 தட்டுப் பாட்டில் ஒரு தட்டை நான்காகப் பிரித்தால் கால் தட்டுக்கு 0.125 விநாடி. எந்த நேரத்தில் அழுத்தினாலும் அதற்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சிறு தாமதத்தை மனம் பொருட்படுத்துவதில்லை. ‘நானே வாசிக்கிறேன்’ என்று மகிழ்ந்து போகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் டெட்ரிஸ் ஆடுபவர்களைக் கூர்ந்து கவனித்து, 1994இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் துண்டைத் தேவைக்கு அதிகமாகச் சுழற்றுகிறார்களாம். ஏன்? துண்டை மனத்துக்குள் கால் சுற்றுச் சுழற்றிப் பார்க்க ஏறத்தாழ 1 விநாடி ஆகிறது. விரலால் திரையில் சுழற்றிப் பார்க்க 0.1 விநாடி போதும். ஆகவே அவர்கள் விரலாலேயே சிந்திக்கிறார்கள்! வடிவியல் கணக்குப் போடும்போது நீங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

வெல்ல முடியுமா?

‘எல்லாம் சரி, திறமைசாலி ஒருவர் காலமெல்லாம் தோற்காமல் ஆடிக்கொண்டே இருக்க முடியுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். கணித அறிஞர்களும் இதைக் கேட்டார்கள்.

கண்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? படித் துண்டில். இடப்படி, வலப்படி, இடப்படி, வலப்படி என்று மாறி மாறி அவை மட்டுமே வந்து கொண்டிருந்தால், எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் 70,000 துண்டுகளுக்குள் தோற்றே தீர வேண்டும். ஹைடி பர்கியல் என்ற கணித அறிஞர் 1997இல் இதை நிறுவினார். துண்டுகள் ஒவ்வொன்றும் குலுக்கல் முறையில் வந்தால், எண்ணற்ற காலம் ஆடும்போது இந்தக் கெட்ட வரிசையும் ஒருநாள் வந்தே தீரும். அதற்குள் சூரியனே அணைந்து போயிருக்கும் என்பது வேறு விஷயம்!

புதிய டெட்ரிஸ் ஆட்டங்கள் இந்த அபாயத்தைத் தவிர்க்கின்றன. 7 துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியாகும்வரை ஒவ்வொன்றாக எடுக்கின்றன. பிறகுதான் அடுத்த பை. ஒரு பையை 7×6×5×4×3×2×1 = 5,040 விதமாக எடுக்கலாம். கோல் துண்டுக்காகத் தவம் கிடப்பவர், மிக மோசமான நேரத்திலும் இடையில் 12 துண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஏன் 12? நீங்களே யோசியுங்கள்.

1989ஆம் ஆண்டின் தொலைக்காட்சி டெட்ரிஸுக்கு மற்றொரு எல்லை இருந்தது. 29ஆம் நிலையில் துண்டு ஒரு படத்துக்கு ஒரு கட்டம் விழும். 20 கட்ட உயரத்தை ⅓ விநாடியில் கடந்துவிடும். மனிதக் கைக்கு இதுவே எல்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பிறகு ஆட்டக்காரர்கள் பொத்தானைப் புதிய முறைகளில் மிக விரைவாகத் தட்டக் கற்றுக் கொண்டார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் நிலையை எட்டியபோது, தாங்க மாட்டாமல் ஆட்டமே உறைந்து நின்றுவிட்டது. அந்தப் பொறியின் ஆட்டத்தை அந்த முனைக்கு ஓட்டிய முதல் மனிதன் அவன்தான். தோற்றது ஆட்டக்காரன் அல்லன், ஆட்டம்!

கண்ணை மூடினால்...

வெகுநேரம் டெட்ரிஸ் ஆடிவிட்டுப் படுத்தால், மூடிய கண்ணுக்குள் துண்டுகள் விழுந்து கொண்டே இருக்கும். அலமாரிப் புத்தகங்களைக் கண்டால் இடைவெளியில் எது பொருந்தும் என்று மனம் தேடும். இதற்கே ‘டெட்ரிஸ் விளைவு’ என்று பெயர். மிசுகுச்சியின் ஆட்டம் தன் பெயரை இதிலிருந்துதான் எடுத்துக் கொண்டது.

ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் ராபர்ட் ஸ்டிக்கோல்டு இதை ஆராய்ந்தார். 3 நாட்களில் மொத்தம் 7 மணி நேரம் 27 பேரை ஆட வைத்து, தூங்கத் தொடங்கும் நேரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள் துண்டுகள் விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். இதில் வியப்பு என்ன என்கிறீர்களா? அந்த 27 பேரில் 5 பேர், மூளையில் ஏற்பட்ட சேதத்தால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைத்துக் கொள்ள முடியாதவர்கள். முந்தைய நாள் ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் அவர்களிலும் 3 பேர் அரைத் தூக்கத்தில் விழும் துண்டுகளைக் கண்டார்கள்! 2000ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வு ஓர் உண்மையைக் காட்டியது. நடந்ததை நினைவுகூரும் ஆற்றல் வேறு. பார்த்த உருவத்தை மூளை தனக்குள் ஓட்டிப் பார்ப்பது வேறு.

இதோ, கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டோம். கோரமான விபத்தில் சிக்கியவர்களை எண்ணிப் பாருங்கள். காயம் ஆறிவிடும். ஆனால் அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வந்து வாட்டும். அவர்கள் அழைக்காமலே வரும், விரட்டினாலும் போகாது. காட்சிகளைக் கையாளும் மூளையின் உடனடி நினைவகம் மிகச் சிறியது. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளுக்கு அங்கே இடம் போதாது. அப்படியானால், விபத்துக் காட்சி நினைவில் ஆழப் பதிவதற்குள் அந்த இடத்தை வேறொரு காட்சி வேலையால் நிரப்பினால் என்ன?

எமிலி ஹோம்ஸ் என்ற உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். 2009இல் வெளியான முதல் ஆய்வில், கலங்க வைக்கும் திரைப்படக் காட்சிகளைப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அரைமணி கழித்து 10 நிமிடம் டெட்ரிஸ் கொடுத்தார்கள். ஆடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் குறைவாகவே திரும்பி வந்தன. பிறகு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் உள்ள ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில், சாலை விபத்துக்குப்பின் 6 மணி நேரத்துக்குள் வந்த 71 பேரிடம் சோதனை நடந்தது. ஒரு பிரிவினர் விபத்தைச் சற்றே நினைத்துப் பார்த்துவிட்டு 20 நிமிடம் டெட்ரிஸ் ஆடினார்கள். மறு பிரிவினர் ஆடவில்லை. அடுத்த ஒரு வாரத்தில் ஆடியவர்களுக்கு அந்த வேதனைக் காட்சிகள் 62 விழுக்காடு குறைவாக வந்தன. இந்த முடிவு 2017இல் வெளியானது.

ஆடினால் மனக்காயம் ஆறிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இது ஒரு வாரத்தின் அளவீடு. மருத்துவமனையில் நடந்தது. பெரிய ஆய்வுகள் தொடர வேண்டியவை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லை என்று எண்ணிய அதே ஆற்றல், வேறிடத்தில் ஒருவரின் துயரைக் குறைக்கப் பயன்படுகிறது. நெருப்பு வீட்டையும் எரிக்கும், விளக்கையும் ஏற்றும் என்பது போல.

நீங்களே சோதிக்கலாம்

இந்த ஆட்டங்களில் ஒரு குணத்தைக் கவனித்திருப்பீர்கள். பாட்டு முடிவதில்லை, ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது கலந்துவிடுகிறது. துண்டு விழுவதும் நிற்பதில்லை. ஆட்டம் ‘போதும்’ என்று சொல்லாது. சொல்ல வேண்டியவர் நீங்கள்தாம். நேரம் போனது தெரியவில்லை என்று பலரும் சொல்கிறார்களே, அது உண்மையா? எவ்வளவு தெரியாமல் போகிறது? அளந்து பாருங்கள்.

நண்பர் ஒருவரிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் ஆடுங்கள். விழும் கட்ட ஆட்டம் இல்லையென்றால் வெட்டிய துண்டுகளை அடுக்கினாலும் போதும். 10 நிமிடத்துக்குள் நண்பர் தாம் விரும்பும் நேரத்தில் நிறுத்தச் சொல்லட்டும். எவ்வளவு நேரம் ஆனது என்று நீங்கள் ஊகிப்பதை ஒரு பத்தியிலும் உண்மை நேரத்தை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். இசையோடு 5 முறை, இசை இல்லாமல் 5 முறை செய்யுங்கள். பத்துப் பேரிடம் செய்து பார்த்தால், இசை நேரத்தைச் சுருக்குகிறதா நீட்டுகிறதா என்று உங்கள் கையில் ஒரு விடை இருக்கும். யாரோ சொன்னதைவிட நீங்களே அளந்த விடைக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக ஒரு புதிர். லூமினெஸ் துண்டில் 2 நிறங்கள் இருந்தபோது 6 வகைகள் கிடைத்தன. 3 நிறங்கள் இருந்தால் மொத்தம் 81 வழிகள். சுழற்றி ஒன்றாகுபவற்றைக் கழித்தால் 24 வகைகள் மிஞ்ச வேண்டும். வண்ணப் பென்சிலை எடுத்து 24ஐயும் வரைந்துவிடுங்கள். 81ஐ 4ஆல் வகுத்தால் முழு எண் வரவில்லையே, பிறகு 24 எங்கிருந்து வந்தது? சுழற்றினாலும் மாறாத துண்டுகளை மட்டும் தனியே பிரித்து வைத்துப் பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.